அளவறிந்து தொழில் செய்தல்

ஏரி நிறைந்திருக்கிறது என்று கரைமேல் நின்று மகிழ்பவர் பலர். ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, நாள்தோறும் எவ்வளவு வடிகிறது, கதிர் முற்றும்வரை அது போதுமா என்றெல்லாம் அறிந்து மடையைத் திறப்பவன் நீர்க்கட்டி ஒருவனே. பலருடைய மகிழ்ச்சியும் பொய்யன்று. ஆயினும், பயிரைக் காப்பது அவ்வொருவனுடைய அளவே ஆகும். தொழில் செய்வார்க்கும் இஃது ஒக்கும். கடையில் கூட்டம் நெருங்குகிறது, தறி ஓயாமல் ஓடுகிறது, பட்டறையில் சம்மட்டி ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பனவெல்லாம் கரைமேல் நின்று காணும் காட்சிகள். தொழில் வளர்கிறதா, தேய்கிறதா என்பதை அக்காட்சிகள் கூறா, அளவே கூறும்.

நாட்டில் பெருந்தொழிற்சாலைகள் சில, சிறுதொழில்களோ பற்பல. மளிகைக் கடை, உணவு விடுதி, தையற்கூடம், அச்சகம், எண்ணெய்ச் செக்கு, மாவரைக்கும் ஆலை முதலியவற்றை நம்பி எண்ணற்ற குடும்பங்கள் வாழ்கின்றன. பெருந்தொழிலில் கணக்கெழுத ஒருவர், அதனைச் சரிபார்க்க மற்றொருவர், அறிவுரை கூற வேறொருவர் எனப் பலர் உளர். சிறுதொழிலிலோ உரிமையாளனே சரக்கு வாங்குவான், அவனே விற்பான், அவனே கூலி கொடுப்பான், இரவில் கண் சொக்கும் வேளையில் கணக்கும் எழுதுவான். அவன் பிழை செய்தால் எடுத்துக் காட்டுவார் இலர். பிழை தானே வெளிப்படும் நாளில், வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். பிள்ளையின் படிப்பும் நின்றிருக்கும். ஆதலின் அளவறிதல் பெருந்தொழிலார்க்கு வேண்டுவதினும் சிறுதொழிலார்க்கே மிகுதியும் வேண்டுவதாம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவற்றுள் வலியறிதல் என்பது படைவலியை மட்டும் பேசி அமையவில்லை. வரவின் அளவையும் செலவின் அளவையும் அறிதலும் ஒரு வலிமையே என்பதை அவ்வதிகாரம் உணர்த்துகிறது. நாடாள்வார்க்குக் கூறிய அறம் கடையாள்வார்க்கும் பொருந்தும்.

முன் காட்டும் அளவும் பின் காட்டும் அளவும்

கணக்கெழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அன்றாட வரவு செலவுகளைக் குறிப்பேட்டில் எழுதி, அவற்றை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் பதிந்து, ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுப்பது தமிழ் வணிகர் கைக்கொண்ட முறை. பர்மா, மலேயா, இலங்கை முதலிய இடங்களில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், கடல் கடந்த கடைகளின் நிலையைச் செட்டிநாட்டில் இருந்தவாறே அறிந்தனர். ஆங்குப் பணியாற்றிய முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவர். மாறும்போது கணக்கை முடித்து ஒப்படைப்பர். கண்ணால் காண இயலாத கடையை நடத்த உரிமையாளர்க்கு உதவியது கணக்கே ஆகும். மேலை நாட்டில், லூக்கா பசியோலி என்னும் இத்தாலியக் கணித அறிஞர், 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சேறிய தம் நூலில், வணிகர் வழங்கிய இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி எழுதினார்.

ஐந்தொகை இன்றியமையாதது, எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. அஃது ஆண்டிறுதியில் வருவது. சென்ற ஆண்டில் நட்டம் நேர்ந்தது என்று அது கூறும்போது, நட்டம் நேர்ந்து முடிந்திருக்கும். அறுவடைக்குப் பின் களத்து நெல்லை அளப்பது போன்றது அது. பயிர் நிற்கும்போதே இலை மஞ்சளிக்கிறதா, நீர் போதுமா, பூச்சி விழுந்ததா என்று பார்த்தல் வேறு. முன்னது பின் காட்டும் அளவு. பின்னது முன் காட்டும் அளவு. தொழில் நடத்துவானுக்கு இரண்டும் வேண்டும். முன் காட்டும் அளவுகளுள் சிலவற்றைத் தேர்ந்து, நாள்தோறும் அல்லது கிழமைதோறும் குறித்து, அவை கூறுவதற்கேற்பத் தொழிலைத் திருத்திக்கொள்வதே அளவறிந்து தொழில் செய்தல் எனப்படும்.

செக்கு ஒன்றின் கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு சிற்றூரில் ஒருவன் மின்விசையால் ஓடும் மரச்செக்கு வைத்து, நிலக்கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறான் எனக் கொள்க. அவன் மாதத்தில் 25 நாள் செக்கை ஓட்டுகிறான். நாளொன்றுக்கு 120 கிலோ பருப்பாக, மாதம் 3,000 கிலோ பருப்பு ஆட்டுகிறான். பருப்பின் கொள்முதல் விலை கிலோ 110 ரூபாய். எண்ணெய் விற்கும் விலை கிலோ 250 ரூபாய். புண்ணாக்கு விற்கும் விலை கிலோ 50 ரூபாய் என வைத்துக்கொள்க.

100 கிலோ பருப்பில் 42 கிலோ எண்ணெய் இறங்கினால், மாதத்தில் 1,260 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஈரமும் தூசுமாக 40 கிலோ கழிய, எஞ்சிய 1,700 கிலோவும் புண்ணாக்கு ஆகும். எண்ணெயால் வருவது 3,15,000 ரூபாய். புண்ணாக்கால் வருவது 85,000 ரூபாய். ஆக வரவு 4,00,000 ரூபாய். பருப்பு வாங்கிய செலவு 3,30,000 ரூபாய். கூலி, வாடகை, மின்கட்டணம் முதலியவற்றிற்கு 50,000 ரூபாய். ஆகச் செலவு 3,80,000 ரூபாய். ஆதாயம் 20,000 ரூபாய்.

அடுத்த மாதம், 100 கிலோவுக்கு 42 கிலோவாக இறங்கிய எண்ணெய் 40 கிலோவாகக் குறைந்தது எனக் கொள்க. இரண்டு கிலோ என்பது பெரிதாகத் தோன்றாது. அம்மாதத்து எண்ணெய் 1,200 கிலோ. புண்ணாக்கு 1,760 கிலோ. வரவு முறையே 3,00,000 ரூபாயும் 88,000 ரூபாயும் ஆக, 3,88,000 ரூபாய். செலவோ முன்போன்று 3,80,000 ரூபாய். ஆதாயம் 8,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது.

இக்கணக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். விற்பனைத் தொகை 100க்கு 3 விழுக்காடே குறைந்தது; ஆதாயமோ 100க்கு 60 விழுக்காடு குறைந்தது. காணாமற்போன எண்ணெயை எவரும் திருடவில்லை. அது புண்ணாக்கிலேயே தங்கி, எண்ணெய் விலைக்குப் போக வேண்டிய பொருள் புண்ணாக்கு விலைக்குப் போயிற்று. விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பவன், “சற்றே மந்தம், அடுத்த மாதம் சரியாகிவிடும்” என்று இருந்துவிடுவான். 100 கிலோவுக்கு எவ்வளவு எண்ணெய் இறங்கிற்று என்பதை நாள்தோறும் ஏட்டில் குறிப்பவனோ, மூன்றாம் நாளிலேயே ஐயுறுவான். பருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பான். பருப்பு சரியாகக் காயாமல் ஈரமாக வந்திருக்கலாம். சூம்பிய பருப்பு மிகுதியாகக் கலந்திருக்கலாம். உலக்கையோ உரலோ தேய்ந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், அதனை மாதம் முடியுமுன் காண்பதற்கும் ஆண்டு முடிந்தபின் காண்பதற்கும் உள்ள வேறுபாடு, தொழில் நிலைப்பதற்கும் அழிவதற்கும் உள்ள வேறுபாடு ஆகும்.

வெட்ஜ்வுட் கண்ட உண்மை

ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவை நுணுகி அளந்தவர்களுள் ஜோசையா வெட்ஜ்வுட் குறிப்பிடத்தக்கவர். இவர் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்டுஷயரில் பர்ஸ்லெம் என்னும் ஊரில் 1730 ஆம் ஆண்டில் குயவர் குடியில் பிறந்தார். இளமையில் கண்ட அம்மைநோய் இவருடைய முழங்காலைக் கெடுத்தது. 1768 ஆம் ஆண்டில் அக்கால் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே எத்ருரியா என்னும் பெயரால் ஒரு புதிய தொழிற்கூடத்தைத் திறந்தார். இவர் செய்த பூச்சாடிகளைச் செல்வர்கள் விரும்பி வாங்கினர். விற்பனை பெருகிற்று.

1772 ஆம் ஆண்டில் பிரிட்டனில் பணமுடை நேர்ந்தது. வங்கிகள் பல முறிந்தன. வாங்குவார் குறைந்தனர், செய்த கலங்கள் கிடங்கில் தேங்கின. அப்போது வெட்ஜ்வுட், ஒரு பூச்சாடிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று ஆராயப் புகுந்தார். களிமண், கூலி, அச்சு, விறகுக்கு ஈடான நிலக்கரி, வாடகை, உடைந்துபோகும் கலம், கணக்கெழுதுவார் சம்பளம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து எழுதினார். அவ்வாராய்ச்சியில் ஓர் உண்மை புலப்பட்டது. செலவுகளுள் சில, செய்யும் கலத்தின் தொகைக்கேற்பக் கூடும், குறையும். சில, கலம் ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் மாறாமல் வந்துகொண்டே இருக்கும். ஆதலின் கலம் மிகுதியாகச் செய்யச் செய்ய ஒவ்வொன்றின்மேலும் விழும் மாறாச் செலவின் பங்கு குறையும் என்பதை அவர் தெளிந்தார். செல்வர் மட்டுமன்றி நடுத்தர மக்களும் வாங்குமாறு விலையைக் குறைக்கும் துணிவு இத்தெளிவாலேயே பிறந்தது. கணக்கை நுணுகியபோது, கணக்கெழுதியவரின் நேர்மைக் குறைவும் வெளிப்பட்டது. பல தொழில்கள் அழிந்த அந்நெருக்கடியை வெட்ஜ்வுட்டின் தொழில் கடந்து நின்றது.

அளப்பதில் இவருக்கிருந்த வேட்கை கணக்கேட்டோடு நிற்கவில்லை. சூளையின் வெப்பத்தைக் கண்ணால் மதிப்பிடுவதே அக்காலத்து வழக்கம். களிமண் துண்டுகள் சூட்டில் சுருங்கும் அளவைக்கொண்டு வெப்பத்தை அறியும் கருவியொன்றை அவர் அமைத்து, 1782 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தில் விளக்கினார். மறு ஆண்டில் அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது.

வெட்ஜ்வுட் கண்ட உண்மையைச் செக்குக் கணக்கிலும் காணலாம். 100 கிலோ பருப்பை ஆட்டினால் வருவது ஏறத்தாழ 13,333 ரூபாய். பருப்பின் விலை 11,000 ரூபாய். மிஞ்சுவது 2,333 ரூபாய். கூலி, வாடகை முதலிய 50,000 ரூபாயையும் மாறாச் செலவு என்றே எளிமைக்காகக் கொண்டால், அதனை ஈடுகட்ட மாதம் ஏறத்தாழ 2,143 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். 25 நாளுக்குப் பகுத்தால், நாளொன்றுக்கு 86 கிலோ ஆகும். இதுவே ஆதாயமும் இல்லாத, நட்டமும் இல்லாத சமநிலை அளவு. இவ்வளவை அறிந்தவன், மாலையில் செக்கை நிறுத்தும்போதே அன்று தான் தனக்காக உழைத்தானா, வாடகைக்காக மட்டும் உழைத்தானா என்பதை அறிவான்.

ஏட்டில் ஆதாயம், பெட்டியில் வறுமை

ஆதாயம் தரும் தொழிலும் அழிவதுண்டு. இது புதிராகத் தோன்றலாம். இதற்குக் காரணம் பெரும்பாலும் கடன் விற்பனையே.

மேற்கூறிய செக்குக்காரன் மாதந்தோறும் 1,00,000 ரூபாய்ச் சரக்கைக் கடைகளுக்குக் கடனாகக் கொடுக்கிறான் எனக் கொள்க. கடன் 30 நாளில் திரும்பினால், வெளியில் நிற்கும் நிலுவை 1,00,000 ரூபாய். அதுவே 60 நாளில் திரும்புமாயின், நிலுவை 2,00,000 ரூபாயாகிவிடும். கூடுதலாக வெளியில் நிற்கும் 1,00,000 ரூபாய் அவனுடைய ஐந்து மாத ஆதாயத்துக்குச் சமம். ஏட்டின்படி அவன் ஆதாயம் குறையவில்லை. ஆனால் பருப்பு வணிகனுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 1,00,000 ரூபாய் வாங்கினால், மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகும். ஆதாயம் ஏட்டில் இருக்கிறது. பணமோ பிறர் பெட்டியில் இருக்கிறது. கடன் எத்தனை நாளில் திரும்புகிறது என்னும் ஓர் அளவைக் கிழமைதோறும் பார்ப்பவனுக்கு இவ்விடர் பதுங்கி வாராது. 30 நாள் 35 ஆகும்போதே அவன் விழித்துக்கொள்வான்.

இருப்புச் சரக்கும் இத்தகையதே. நாளொன்றுக்கு 120 கிலோ ஆட்டுபவனிடம் 3,000 கிலோ பருப்பு இருந்தால், அது 25 நாளுக்கு வரும். விலை மலிந்த காலத்தில் மிகுதியாக வாங்கி வைப்பது அறிவுடைமையே. ஆனால் எத்தனை நாளுக்கான இருப்பு என்னும் அளவின்றி வாங்கிக் குவித்தால், பணம் மூட்டையில் முடங்கும். பருப்பில் காறல் ஏறும். ஈரம் பட்டால் பூஞ்சையும் பிடிக்கும். கிடங்கு நிறைந்திருப்பது செல்வமும் ஆகலாம், சுமையும் ஆகலாம். எது என்பதை அளவே கூறும்.

ஏற்ற இறக்கங்களைப் பகுத்துணர்தல்

அளக்கத் தொடங்கியவுடன் புதியதொரு தொல்லை தோன்றும். நாள்தோறும் குறித்த எண்கள் ஒன்றுபோல் இரா. ஒருநாள் 42.4 கிலோ, மறுநாள் 41.6 கிலோ, அதற்கு மறுநாள் 42.1 கிலோ. எண் சற்றுக் குறைந்தால் பணியாளைச் சினப்பதும், சற்று ஏறினால் புகழ்வதுமாக உரிமையாளன் இருப்பானாயின், பணியாளுக்கு எதனைத் திருத்துவது என்றே விளங்காது. தன்பால் தவறின்றி ஏச்சுக் கேட்பவன் நாளடைவில் உழைப்பில் ஊக்கம் இழப்பான்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூஹார்ட். தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1924 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள், ஒற்றைத்தாளில் ஒரு வரைபட முறையை எழுதி அளித்தார். எந்தச் செயலிலும் இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. அதற்குப் புறம்பாகத் தனிக்காரணத்தால் நேரும் மாறுதலும் உண்டு. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பல நாளின் எண்களைக் கொண்டு சராசரிக்கு ஒரு நடுக்கோடும், இயல்பான மாறுதலின் எல்லைகளாக மேலும் கீழும் ஒவ்வொரு கோடும் வரைவர். அன்றன்றைய எண்ணை ஒரு புள்ளியாக இடுவர்.

செக்கின் வரைபடத்தில் நடுக்கோடு 42 எனவும், எல்லைகள் 41, 43 எனவும் கொள்க. ஒருநாள் 41.3 வந்தால் கவலையில்லை, அஃது இயல்பு. ஒருநாள் 39 வந்தால் செக்கை நிறுத்திக் காரணம் தேடுதல் வேண்டும். எல்லைக்குள்ளேயே நின்றும், தொடர்ந்து எட்டு நாள் நடுக்கோட்டுக்குக் கீழேயே புள்ளிகள் விழுந்தால், அப்போதும் காரணம் தேடுதல் வேண்டும். ஏனெனில், நாணயத்தைச் சுண்டி எட்டு முறையும் பூவே விழுவது 256இல் ஒருமுறை நிகழத்தக்கது. அத்தகைய அருநிகழ்ச்சியைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் தகாது. எப்போது பொறுத்திருப்பது, எப்போது எழுந்து செல்வது என்பதை இவ்வரைபடம் கற்பிக்கிறது.

அளவுகோலே பகையாதல்

அளவுகோல் நன்மை தருவது. எனினும் அறியாது கையாண்டால் அதுவே பகையாகும். 1902 ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஹனோய் நகரில் எலிகள் மிகுந்தன. கொள்ளைநோய் பரவும் என்று அஞ்சிய ஆட்சியாளர், எலியைக் கொன்று அதன் வாலைக் கொணர்வார்க்குப் பணம் தருவதாக அறிவித்தனர். வால்கள் குவிந்தன. ஆட்சியாளர் மகிழ்ந்தனர். சின்னாளில், வாலற்ற எலிகள் நகரில் ஓடித் திரிவதைக் கண்டனர். எலியைக் கொன்றால் அது பெருகுவது நின்று வருவாயும் நின்றுபோகும் என்று எண்ணியோர், வாலை மட்டும் அறுத்துக்கொண்டு எலியை விட்டுவிட்டனர். புறநகரில் எலி வளர்ப்பதும் நடந்தது. ஆட்சியாளர் வேண்டியது எலியின் அழிவு. அளந்ததோ வாலின் எண்ணிக்கை. அளந்தது பெருகிற்று, வேண்டியது வாய்க்கவில்லை.

சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1975 ஆம் ஆண்டில் பணக்கொள்கை பற்றி எழுதுங்கால் இத்தகைய இயல்பைச் சுட்டினார். ஓர் அளவை இலக்காக வைத்து மக்களை நெருக்கினால், அந்த அளவு உண்மையைக் காட்டும் ஆற்றலை இழந்துவிடும் என்பது அதன் கருத்து.

சிறுதொழிலிலும் இது நிகழும். எண்ணெய் மிகுதியாக இறக்கினால் பரிசு என்று செக்குக்காரன் அறிவித்தால், பணியாள் எண்ணெய் தெளியுமுன் கசடோடு நிறுத்துக் காட்டக்கூடும். எடை ஏறும், பரிசு கிடைக்கும், வாங்கியவர் வீட்டில் எண்ணெய் கெடும், மறுமாதம் அவர் வேறு கடைக்குப் போவார். நேர்மையாளனாக இருந்த பணியாளைப் பிழையான அளவே நேர்மை தவறச் செய்துவிட்டது. இக்குற்றத்தில் அளவை வகுத்தவனுக்கும் பங்கு உண்டு.

இதனைத் தவிர்க்கும் வழி, ஓர் அளவை மற்றோர் அளவால் காத்தலாகும். குசராத்தில் ஆனந்தில் தோன்றிய பால் கூட்டுறவு இதற்குச் சான்று. திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946 ஆம் ஆண்டில் பதிவு பெற்றது. 1949 ஆம் ஆண்டில் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் அதன் வளர்ச்சிக்குப் பெரும்பணி ஆற்றினார். சிற்றூர்ச் சங்கங்களில் காலையும் மாலையும் மக்கள் பால் கொணர்வர். பாலின் அளவை மட்டும் பார்த்துப் பணம் தந்தால், நீர் கலப்பவர்க்கே ஆதாயம். தூய பால் ஊற்றுபவர்க்கு நட்டம். ஆதலின் அளவோடு கொழுப்பையும் சோதித்து விலை தரும் முறை மேற்கொள்ளப்பட்டது. கொழுப்பை மட்டும் நோக்கினால், கொழுப்புக் குறைந்த பசும்பால் தருவோர்க்கு ஈடு குறையும். ஆதலின் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சேர்த்து விலையிடும் முறை பின்னர்ப் பரவிற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் இத்தகைய சோதனையைக் காணலாம். ஒரு மாடு மட்டும் வைத்திருக்கும் ஏழைப் பெண்ணும், பத்து மாடு வைத்திருக்கும் செல்வரும் ஒரே அளவுகோலின்முன் நிற்கின்றனர். நல்ல அளவுகோல் எளியார்க்கு அரண் ஆகும்.

செக்கிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். இறங்கிய எண்ணெயின் அளவோடு, குறை கூறித் திருப்பப்பட்ட எண்ணெயின் அளவையும் குறித்தல் வேண்டும். விற்பனையின் அளவோடு, கடன் திரும்பும் நாளையும் குறித்தல் வேண்டும். இரட்டைக் காளை பூட்டிய வண்டி நேரே செல்வதுபோல், இரட்டை அளவு பூட்டிய தொழில் வழி தவறாது செல்லும்.

அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் முறை

அளக்கத்தக்கவை எல்லாவற்றையும் அளக்கப் புகுந்தால், அளப்பதே தொழிலாகிவிடும். சிறுதொழிலுக்கு நான்கைந்து அளவுகள் போதும். ஒவ்வோர் அளவையும் தேர்வதற்குமுன் ஒரு வினா எழுப்புதல் நன்று: “இவ்வெண் ஏறினாலோ இறங்கினாலோ யான் செய்யப்போவது யாது?” இதற்கு விடையில்லையேல் அவ்வெண்ணை எழுதுதல் வீண். செக்குக்காரனுக்கு 100 கிலோவுக்கு இறங்கும் எண்ணெய், நாளொன்றுக்கு ஆட்டும் பருப்பு, கடன் திரும்பும் நாள், இருப்பு வரும் நாள், திருப்பப்பட்ட எண்ணெய் என்னும் ஐந்தும் அமையும்.

அளவை எழுதுபவன் அத்தொழிலைச் செய்பவனாகவே இருத்தல் நன்று. அவ்வேடு பூட்டி வைக்கப்படாமல், செக்கின் அருகே அனைவரும் காணத் தொங்குதல் வேண்டும். எண் குறைந்த நாளில் முதலில் எழ வேண்டிய வினா, “யார் செய்தது?” என்பதன்று, “என்ன நேர்ந்தது?” என்பதே. அளவு ஒரு விளக்கு. அதனைத் தடியாகக் கொள்பவனிடம் எவரும் உண்மை எண்ணை எழுதமாட்டார். பொய் எண் நிறைந்த ஏடு, ஏடு இல்லாமையினும் கேடு தருவது.

அளக்க இயலாதவை

அளவுக்கு அடங்காதவையும் தொழிலில் உள. முதியவர் ஒருவர் நாற்பதாண்டாக ஒரே கடையில் எண்ணெய் வாங்குவதற்குக் காரணமான நம்பிக்கையை எந்தத் தராசில் நிறுப்பது? பணியாள் நோயுற்ற நாளில் கூலி குறைக்காமல் அனுப்பிய அன்பு எந்த ஏட்டில் வரவாகும்? கணக்கின் கண்ணுக்கு அது செலவாகவே தோன்றும். ஆயினும் அவற்றின் பயன் ஆண்டுகள் பல கழித்தும் வந்துகொண்டிருக்கும். எண்ணால் அறியத்தக்கவற்றை எண்ணால் அறிந்து, எஞ்சியவற்றை நெஞ்சால் அறிவதே நல்ல வணிகனுக்கு அழகு. எண்ணை இகழ்பவன் இருளில் நடக்கிறான். எண்ணை மட்டும் நம்புபவன் விளக்கையே பார்த்துக்கொண்டு வழியை மறக்கிறான்.

மாணவர் பலருடைய வீட்டில் ஒரு கடையோ, தறியோ, தையல் எந்திரமோ, பால் மாடோ இருத்தல் கூடும். பள்ளியில் கற்கும் விழுக்காடும் சராசரியும் வரைபடமும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. ஒரு பழைய குறிப்பேட்டில் மூன்று அளவுகளை ஒரு மாதம் தவறாது குறித்து, மாத முடிவில் பெற்றோரோடு அமர்ந்து பார்த்தால், அதுவரை எவர் கண்ணுக்கும் படாத ஒன்று அவ்வேட்டில் தென்படக்கூடும். உழைப்பை உழைப்பவர் கையிலேயே பயனாகச் சேர்ப்பது அளவறிதல். அதனைக் கற்ற பிள்ளை, வீட்டுக்குத் தன் கல்வியால் கொணரும் முதற்பொருள் அதுவே ஆகும்.

வினாக்கள்

1. முன் காட்டும் அளவுக்கும் பின் காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 100 கிலோ பருப்பில் 41 கிலோ எண்ணெய் இறங்கினால், பாடத்தில் கூறிய செக்கின் மாத ஆதாயம் எவ்வளவாகும்? கணக்கிடுக.
3. 1772 ஆம் ஆண்டின் நெருக்கடியில் வெட்ஜ்வுட் கண்ட உண்மை யாது? அதனால் அவர் எடுத்த முடிவு யாது?
4. ஹனோய் நகர நிகழ்ச்சி உணர்த்தும் கருத்தையும், பால் கூட்டுறவுச் சங்கத்தின் முறை அக்குறையை நீக்கியவாற்றையும் ஒப்பிட்டு எழுதுக.
5. நும் ஊரில் உள்ள ஒரு சிறுதொழிலைத் தேர்ந்து, அதற்கு ஏற்ற மூன்று அளவுகளைக் காரணத்துடன் கூறுக.